இரண்டு வேலைக்கு ஒரு சங்கு

ராஜபாளையத்தில் என்னோடு வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நமக்கெல்லாம் கடிகாரம் மில் சங்குதான். காலைச் சங்குக்கு எழுந்து, எட்டு மணிச் சங்குக்குத் தலை பின்னி, மத்தியானச் சங்குக்குச் சோற்றுத் தூக்கைத் திறந்தோம். இப்போது உங்களில் பாதிப் பேருக்கு முழங்கால் வலி, எனக்குச் சர்க்கரை. பார்க்கும்போதெல்லாம் அந்தச் சங்குச் சத்தம் இல்லாமல் ஊரே மூளியாகப் போயிற்று என்கிறீர்கள். எனக்கு அந்த ஏக்கம் கிடையாது. ஏன் என்று ஒரு தரம் சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருடம். நான் ஆறாம் வகுப்பு. அப்பா பட்டாளத்தில் அவில்தாராக இருந்து ஓய்வு பெற்று வந்து ஒரு நூல் மில்லின் கேட்டில் காவலுக்கு நின்றார். தெருவில் அவருக்கு ‘மிலிட்டரி’ என்று பெயர். எல்லையில் நின்றவர் இப்போது ஷிப்ட் முடிந்து வரும் பிள்ளைகளின் தூக்குச் சட்டிகளைத் திறந்து, உள்ளே நூல்கண்டு ஒளித்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அதில் என் அக்காவின் தூக்குச் சட்டியும் உண்டு. அக்கா அந்த மில்லிலேயே ரீலிங்கில், நூலைச் சுற்றிச் சிட்டம் போடும் பகுதியில், வேலை பார்த்தாள். அவள் சட்டியைத் திறக்கும்போது மட்டும் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வாராம்.

பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசும் அத்தை. புருஷனை இழந்தவர். பேண்டேஜ் துணி நெய்யும் கொட்டகையில் துணி சுற்றும் வேலை. அவருடைய ஒரே மகளை நான் மதினி என்று கூப்பிடுவேன். அக்கா வயது, அக்காவோடு அதே ரீலிங்கில் வேலை. அப்பா இல்லாத அந்தப் பிள்ளைக்கு என் அப்பாதான் சைக்கிள் பழக்கிக்கொடுத்தார். அப்பாவை மாமா என்று கூப்பிடுவாள். மாமா சொன்னால் அவளுக்கு அது வேதம்.

அந்த வருடம் ரேடியோவில் எந்நேரமும் எல்லைச் செய்திதான். வடக்கே பட்டாளம் குவிகிறது என்றார்கள். கடலுக்கு அந்தப் பக்கமும் சண்டை. ஒரு நாள் அப்பாவுக்குத் தாலுகா ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. போர் மூண்டால் ஊரும் ஆலைகளும் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் ஒன்றுசேர்ந்து என்ன செய்ய வேண்டும் என்று திட்டமிடப் போகிறார்கள். முன்னாள் ராணுவத்தினர் வந்து உதவ வேண்டும். அப்பா அதை மூன்று தரம் வாசித்தார். பச்சை டிரங்குப் பெட்டியிலிருந்து பெல்ட்டை எடுத்துப் பித்தளை பக்கிளைப் பளபளவென்று துடைத்தார்.

“எல்லையப் பட்டாளம் பாத்துக்கிரும். ஊர ஊருதான் பாத்துக்கிடணும்” என்றார் அம்மாவிடம். அதற்கு முன்னும் பின்னும் அவரை நான் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை.

கூட்டம் ஸ்ரீவில்லிபுத்தூரில். எனக்கு அப்போது காதில் சீழ். அங்கே பெரியாஸ்பத்திரியில் காட்டிவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டே கூட்டத்துக்குப் போனார் அப்பா. குறிப்பெழுதும் குமாஸ்தாவுக்குப் பின்னால் இருந்த பெஞ்சில் உட்காரவைத்தார். ஒரு காதில் மருந்தும் பஞ்சும். மறு காது நன்றாகக் கேட்டது. டாக்டர் ஆறு ஸ்ட்ரெச்சர் இருக்கிறது, இரண்டில்தான் துணி இருக்கிறது என்றார். பள்ளிக்கூடத்து ஆள் எத்தனை பிள்ளைகள் வேண்டுமானாலும் தருகிறேன் என்றார். விமானம் வந்தால் ஊருக்குத் தெரிவிக்க மில் சங்கையே ஊதுவது என்று முடிவாயிற்று. அப்போது அப்பா எழுந்து விறைப்பாக நின்றார்.

“சார், பட்டாளத்துல விமானத்துக்கு ஊதுற மாதிரி மில் சங்க ஏத்தி எறக்கி ஊத முடியாது. விட்டு விட்டுத்தான் ஊதலாம். ஆனா மில்லுல தீப்பிடிச்சாலும் விட்டு விட்டுத்தான் ஊதுவாவ. விமானத்துக்குன்னா படுக்கணும். தீக்குன்னா ஓடணும். சனம் கொழம்பிரும் சார்.”

மில் மேனேஜர் சிரித்தார். “தீக்கு ஒரு மணி வாங்கிக் கட்டிருவோம் சார். அது ஒரு பெரிய காரியமா?”

“பெறகென்ன?” என்றார் தலைமை வகித்த அதிகாரி. “மணி மெதுவா வரட்டும். மேலிடத்துலருந்து பெரியவர் பாக்க வார அன்னிக்கு ஒத்திகை நல்லா நடந்து முடியணும். அதுதான் முக்கியம்.”

அப்பா “எஸ் சார்” என்று சொல்லி உட்கார்ந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், “பாத்தியா, அப்பா சொன்னத எழுதிக்கிட்டாவ” என்றார். எழுதுகிற குமாஸ்தாவுக்கு நேர் பின்னால்தான் நான் உட்கார்ந்திருந்தேன். அப்பா பேசும்போது அவர் பேனாவை மூடிவிட்டு உள்ளங்கையைச் சொறிந்துகொண்டிருந்தார். அதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மில் மைதானத்தில் பயிற்சி. குப்புறப் படுக்க வேண்டும். முழங்கைகளை ஊன்றி நெஞ்சைத் தரையில் படாமல் தூக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் காதைப் பொத்த வேண்டும். சங்கு நீளமாக ஒரே மூச்சில் ஊதுகிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. “தலைக்கு மேல என்ன நடந்தாலும் சரி, யாரு கூப்பிட்டாலும் சரி, நீளச் சங்கு கேக்காம எந்திரிச்சவன் செத்தான்!” என்று அப்பா கத்துவார். அந்தக் குரல் தெருவுக்குப் புதிது.

அக்கா இரண்டு வாரம் வந்தாள். மூன்றாவது வாரம் படுத்துக்கொண்டே சொன்னாள், “வாரம் பூரா நின்னு சாகுதோம். ஞாயித்துக்கெழமையும் மண்ணுல பொரளணுமாக்கும்? குண்டு போடுறவன் நம்ம ஊரத் தேடி வருவானாப்பா?”

“ஏட்டி, சும்மா இரு” என்றாள் மதினி. “மாமா நமக்காகத்தானே சொல்லுதாவ. கேட்டா கொறஞ்சா போயிருவ?”

அக்கா எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுப் போனாள். அப்பா எல்லார் முன்னாலும் மதினியின் முதுகில் தட்டிக்கொடுத்து, “இது எம் பிள்ள” என்றார்.

எனக்கும் அதில் ஒரு விளையாட்டு இருந்தது. அப்பாவின் விசிலை எடுத்துக்கொண்டு போய் மதினி வீட்டு அடுப்படி வாசலில் நின்று விட்டு விட்டு ஊதுவேன். அவள் மாவுக் கையோடு அப்படியே படுத்துவிடுவாள். நீளமாக ஊதாமல் ஓடிவந்துவிடுவேன். செத்த நேரம் கழித்து எட்டிப் பார்த்தால் அவள் காதைப் பொத்திக்கொண்டு அதே இடத்தில் கிடப்பாள். அத்தை வந்து, “ஏமே, அடுப்புல சோறு கொழையுது, இவ என்ன செய்யுதா?” என்று கத்துவார். அதன் பிறகும் என்னைப் பார்த்து, நான் ஊதிய பிறகுதான் எழுவாள். எனக்குச் சிரிப்பாக வரும்.

அந்த மாதங்களில் ஊரே கொஞ்சம் கிறுக்காகத்தான் இருந்தது. ஜன்னலில் வெளிச்சம் தெரியக் கூடாது என்று பழைய கார்பன் பேப்பரை ஒட்டச் சொன்னார்கள். அம்மா கஞ்சிப் பசையால் ஒட்டினாள். வெயிலில் அது இளகி ஒரு வாடை அடிக்கும். கை, பாவாடை, பழுப்பு அட்டை போட்ட நோட்டு எல்லாம் நீலம். தொட்டதெல்லாம் நீலமாகப் போன அந்த வீடு எனக்கு இப்போதும் கனவில் வருகிறது.

ஒத்திகை நாளன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளை மைதானத்தில் படுக்கவைத்து, கழுத்தில் அட்டை மாட்டினார்கள். ‘கால் முறிவு’, ‘தீக்காயம்’ என்று எழுதியிருக்கும். சிவப்புக் குங்குமத்தைக் கரைத்து ஊற்றினார்கள். எனக்குக் கிடைத்த அட்டை ‘மரணம்’. செத்தவர்களைக் கடைசியில்தான் தூக்குவார்கள் என்று சொன்னார்கள். ஜீப் வந்தது, பெரியவர் இறங்கினார், போட்டோ எடுத்தார்கள். துணி உள்ள இரண்டு ஸ்ட்ரெச்சரும் மைதானத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக ஓடின. நீளச் சங்கு ஊதி எல்லோரும் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்கள். என்னைத் தூக்க யாரும் வரவில்லை. கன்னத்தில் எறும்பு ஊர்ந்தது. செத்தவர்கள் எப்போது எழ வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்காததால் கிடந்தேன்.

மதினிதான் டம்ளரில் தண்ணீரோடு வந்தாள். “ஏட்டி, எந்திரி. எல்லாம் முடிஞ்சு எம்புட்டு நேரமாச்சு. மறந்துட்டாவ ஒன்ன.” தாவணியால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். தூரத்தில் அப்பா பெரியவருக்குப் பக்கத்தில் நின்று சல்யூட் அடித்துக்கொண்டிருந்தார்.

ஒத்திகை மிகச் சிறப்பாக நடந்தது என்று மேலே எழுதிப்போட்டார்கள். அதன் பிறகு யாரும் எதையும் கேட்கவில்லை. மணி வரவில்லை. அப்பா இரண்டு தடவை மேனேஜரிடம் ஞாபகப்படுத்தியதாக அம்மா சொல்வாள். மூன்றாவது தடவை போகவில்லை.

பங்குனி மாதத்து மத்தியானம். வகுப்பில் இருந்தோம். சங்கு விட்டு விட்டு ஊதியது. டீச்சர் சலிப்போடு, “மறுபடியும் ஆரம்பிச்சுட்டாங்களா? எல்லாரும் பெஞ்சுக்கடியில போங்க” என்றார். நாங்கள் ஒருத்தியை ஒருத்தி கிள்ளிக்கொண்டு சிரித்தபடி படுத்தோம். டீக்கடைக்காரர் பாலை மூடி வைத்துவிட்டுப் பெஞ்சுக்கு அடியில் குனிந்தாராம். கடைத்தெருவில் சைக்கிளில் போனவர்கள் இறங்கி நின்று கேலி பேசினார்களாம். ஊர் முழுக்க நீளச் சங்குக்காகக் காத்திருந்தது. அது வரவில்லை. பஞ்சு கருகிய வாடைதான் வந்தது.

கழிவுப் பஞ்சு அடைத்துவைத்திருந்த கொட்டடியில் தீ. அதற்கு அடுத்த அறைதான் ரீலிங்.

நான் வீட்டுக்கு ஓடி வந்தபோது அக்கா முற்றத்தில் நின்றுகொண்டிருந்தாள். காலில் செருப்பில்லை. மூக்கும் வாயும் கறுப்பு. அம்மா அவளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள்.

“பொகையப் பாத்ததும் நான் ஓடிட்டேம்மா. அவ படுத்துட்டா. அஞ்சாறு பேரு படுத்துட்டாளுவ. நான் திரும்பப் போயி அவ கையப் பிடிச்சு இழுத்தேன். ‘நீளச் சங்கு இன்னும் ஊதலயே’ன்னா. ‘தீ ஏட்டி, எந்திரி’ன்னேன். ‘மாமா எந்திரிக்கச் சொல்லலயே’ன்னு காதப் பொத்திக்கிட்டா. எனக்கு மூச்சு முட்டிருச்சும்மா. கைய விட்டுட்டேன்.”

மற்றவர்களைப் பின்கதவை உடைத்து இழுத்துவிட்டார்கள். சுவரோரம் உள்ளே தள்ளிப் படுத்திருந்தவள் மதினி ஒருத்திதான். ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே போய் அவளைத் தூக்கி வந்தது அப்பா. தூக்கி வந்தபோது உயிர் இல்லை.

சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வந்தார். இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம். அம்மா தொடப் போனாள், தட்டிவிட்டார். அக்காவை அடுப்படிக்குள் கூப்பிட்டார். நான் வாசலில் நின்றேன்.

“யாரு கேட்டாலும் அவ கதவுகிட்ட கெடந்தான்னு சொல்லு.”

“கதவுகிட்ட இல்லயேப்பா. எடத்த விட்டு அசையவே இல்லயே அவ.”

“தூக்கிட்டு வந்தவன் நான். எனக்குத் தெரியாதா? ஓடி வந்திருக்கா. பொகையில வழி தெரியாம விழுந்துட்டா. அதான் நடந்துச்சு.”

அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா, “அப்பா சொன்னதக் கேளுட்டி” என்றாள்.

பக்கத்து வீட்டில் அத்தை தெலுங்கில் அழுதுகொண்டிருந்தார். எனக்கு அந்தப் பாஷையில் கொஞ்சம்தான் தெரியும். “லேவே, தல்லி, லேவே” என்றது மட்டும் விளங்கியது. எழுந்திருடி அம்மா, எழுந்திரு.

விசாரணைக்கு அதே ஜீப் வந்தது. அப்பா சொன்னதை எழுதிக்கொண்டார்கள். இந்தத் தடவை பேனாவை யாரும் மூடவில்லை. கதவருகே கிடந்தாள் என்பது மேனேஜருக்கு வசதி, தாலுகா ஆபீசுக்கு வசதி, பயிற்சி கொடுத்த அப்பாவுக்கு வசதி. ஒத்திகைக்காக அத்தனை மாதம் கூடிக் கூடிப் பேசியும் ஒன்றுசேராத இலாகாக்கள் எல்லாம் அந்த ஒரு காகிதத்தில் ஒன்றுசேர்ந்து கையெழுத்துப் போட்டன. மூன்றாம் நாள் ரீலிங் வாசலில் ஒரு புது மணி தொங்கியது.

நான் அப்பாவிடம் போய்ச் சொன்னேன், “நீங்க அன்னிக்கு மணி வேணும்னு சொன்னீயளே. நான் கேட்டேம்லா. நான் வந்து சொல்லட்டாப்பா?”

“சொன்னேன். பொறவு ஏன் உக்காந்தேன்?” என்றார் அப்பா. என்னிடம் கேட்டாரா, தன்னையே கேட்டுக்கொண்டாரா தெரியாது. பட்டாளம் அவருக்கு நிற்கவும் கற்றுக்கொடுத்திருந்தது, உட்காரச் சொன்னால் உட்காரவும் கற்றுக்கொடுத்திருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அத்தை எங்கள் வாசலுக்கு வந்தார். அப்பா உள்ளே இருந்தார். அத்தை அக்காவைத்தான் பார்த்தார்.

“கதவு வரைக்கும் வந்துட்டாளாமே எம் மக. ஒரு எட்டு எடுத்துவச்சு இழுக்க ஒனக்குக் கை வரலயா? ஒரு தட்டுல சாப்பிட்டவளுகதானே நீங்க?”

அக்கா வாயைத் திறந்தாள். திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அப்பா குனிந்து காலில் இல்லாத பூட்சின் நாடாவைத் தேடுவதுபோலத் தரையைத் தடவிக்கொண்டிருந்தார். அக்கா வாயை மூடிக்கொண்டாள்.

அவ்வளவுதான். தெரு அதைப் பிடித்துக்கொண்டது. கூட்டாளியைச் சாகவிட்டு ஓடி வந்தவள். மில்லில் அவளோடு சோற்றுக்கு உட்கார ஆள் இல்லை. அந்த வருடமே வேலையை விட்டாள். தளவாய்புரத்தில் தையல் மிஷின் வைத்திருந்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். இரண்டாந்தாரம். அதன் பிறகு தீபாவளிக்குக்கூட அக்கா எங்கள் தெருவுக்கு வந்ததில்லை. நாங்கள்தான் போய்ப் பார்த்தோம். அப்பா போனால் திண்பண்டப் பொட்டலத்தை நடுவீட்டில் வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் தையல் மிஷினைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டு வருவார்.

அது அத்தைக்கு ஆறுதலாகச் சொன்ன பொய்யா, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன பொய்யா? எனக்கு அப்பாவைப் பிடிக்கும். அதனால் பல வருடம் முதலாவது என்றே நம்பினேன். இப்போது அவர் வயது எனக்கும் வந்துவிட்டது. இரண்டும்தான் என்று தோன்றுகிறது. தொண்ணூறுகளின் நடுவில் அவர் இறந்தபோது அத்தை வந்து, “அண்ணா, அண்ணா” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். அக்கா சுடுகாட்டுக்குப் போகும் பாதையில், தெருவுக்கு வெளியிலேயே நின்று பார்த்துவிட்டு பஸ் ஏறிப் போனாள்.

அந்தப் பத்தாண்டின் கடைசியில் வடக்கே மலைமேல் சண்டை வந்தது. உண்டியலும் ஒலிபெருக்கியுமாகத் தெருத் தெருவாகப் போனார்கள். பேண்டேஜ் கொட்டகைகளுக்கு ஓய்வில்லை. நான் அப்போது டீச்சர். பள்ளிக்கூடத்தில் மறுபடியும் பிள்ளைகளுக்கு முதலுதவி சொல்லிக்கொடுக்கச் சொன்னார்கள். ஒரு பிள்ளையையும் தரையில் படுக்கச் சொல்லாமல், பலகையில் படம் வரைந்து காட்டிவிட்டு வந்தேன். மறுநாள் அத்தை வேலை பார்க்கும் கொட்டகைக்குப் போனேன். வெள்ளைத் துணிக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தார்.

“அத்தை, ஒண்ணு சொல்லணும். மதினி கதவுகிட்ட வரல. அப்பா சொல்லிக்கொடுத்தபடியே படுத்திருந்தா. அக்கா போயி கையப் பிடிச்சு இழுத்தா. மதினிதான் வரல. அப்பா மாத்திச் சொன்னாவ.”

அத்தையின் கை நிற்கவில்லை.

“தெரியும்.”

“எப்படி?”

“குளிப்பாட்டினது நான்தானே. ரெண்டு கையும் காதோட ஒட்டி வெறச்சுக் கெடந்துச்சு. எறக்க ரெண்டு பேரு வேண்டியிருந்துச்சு. ஓடி வந்து விழுந்தவ அப்படியா கெடப்பா?”

“தெரிஞ்சுமா அக்காவ அப்படிச் சொன்னீய?”

அத்தை சுற்றிய துணியைக் கத்தரித்துக் கூடையில் போட்டார். அடுத்ததை எடுத்தார்.

“யாரையாவது சொல்லணும்ல? ஒங்கப்பா பக்கத்து வீட்டுல இருந்தாரு. தெனம் மூஞ்சியப் பாக்கணும். அரிசி தீந்தா ஒங்க வீட்டுலதான் கேக்கணும். ஒங்க அக்கா எப்படியும் கல்யாணமாயிப் போறவதானே.” பிறகு சொன்னார், “போனா. எனக்கும் அவ மூஞ்சியப் பாக்காமப் போச்சு.”

கோபம் வர வேண்டும் என்று நினைத்தேன். வந்தது. ஆனால் யார்மேல் வைப்பது என்று தெரியாமல் அதைத் தூக்கிக்கொண்டே தளவாய்புரத்துக்கு பஸ் ஏறினேன். அக்கா மிஷினில் இருந்தாள். இப்போதாவது அவள் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கும் என்ற நினைப்பில் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அத்தைக்கு முதலிலிருந்தே தெரியும், உன்மேல் தப்பில்லை என்று தெரிந்தேதான் பழி போட்டிருக்கிறார் என்றேன்.

அக்கா மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். ஊசிக்கடியில் இருந்த துணியை நீவிவிட்டாள்.

“அவிய பொய் சொல்லியிருக்கட்டும். அப்பாவும் சொல்லியிருக்கட்டும்” என்றாள். “அவ கதவுகிட்ட கெடந்தா என்ன, செவரு ஓரம் கெடந்தா என்ன? கையப் பிடிச்சது நான், விட்டது நான். அது மெய்தானே?”

பிறகு கால் கட்டையை மிதித்தாள். மிஷின் ஓடத் தொடங்கியது. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான்தான் சொல்லிக்கொண்டு எழுந்தேன்.